எதிர்வரிசை

ஆனி பிறந்து இருபது நாளாகியும் பெங்களூரின் வானம் தன் உள்ளத்தைத் திறக்கவில்லை. மேற்குமலைத் தொடரில் பெய்ய வேண்டியதையெல்லாம் பெய்து தீர்த்துவிட்டு, மீந்த ஈரத்தை மட்டும் சுமந்து வந்த மேகங்கள் இந்த மேட்டுநிலத்தின்மேல் அசையாது நின்றன. காலைக்கும் மாலைக்கும் ஒரே சாம்பல் நிறம். காற்று மட்டும் ஓயாமல் வீசிற்று. அதில் தூறலின் வாசம் இருந்தது, தூறல் இல்லை. கொடியில் உலர்த்திய வேட்டி மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடந்தது. மல்லேஸ்வரத்துத் தெருக்களில் மரங்கள் கிளை தாழ்த்தி, எதையோ கேட்கக் காத்திருப்பவைபோல் நின்றன. கோயில் மணியின் ஓசைகூட அந்த ஈரக்காற்றில் தொலைவு போகாமல், அடித்த இடத்திலேயே சற்றுத் தங்கி அடங்கிற்று. மழை வரும் என்று சொல்லத் துணிவில்லை. வராது என்று சொல்ல மனமில்லை. சொல்ல வந்ததை நாவின் நுனியில் நிறுத்திவைத்திருக்கும் வாய்போல இருந்தது வானம்.

அத்தகைய வாய் ஒன்றை ரங்கா தன் வீட்டிலேயே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஒரே மகள் கோமளத்துக்கு ஆறு வயது. தை மாதத்தில் அவளுக்குச் சின்னம்மை போட்டு இறங்கிற்று. எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதானே என்று வேப்பிலையும் இளநீருமாக வீடு அதைக் கடந்துவிட்டது. பங்குனியில் ஒருநாள் பள்ளியில் படம் வரைந்துகொண்டிருந்தவளின் வலக்கையிலிருந்து வண்ணப்பென்சில் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எடுக்கவில்லை. ஆசிரியை என்ன என்று கேட்டதற்கு வாய் அசைந்தது, சொல் வரவில்லை. அம்மை இறங்கிய பின்னும் அதன் சூடு மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்றில் தங்கி, அதைச் சுருக்கிவிட்டதென்றும், ஆயிரத்தில் பல்லாயிரத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி நேர்வதுண்டென்றும் மருத்துவமனையில் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. தளர்ந்திருந்த வலக்கால் ஒரு மாதத்தில் நேராயிற்று. கையும் மெல்லத் திரும்பி வரத் தொடங்கிற்று. பேச்சு மட்டும் போன இடத்திலிருந்து திரும்பவில்லை.

அதற்கு முன் அவள் பேசாத நேரமில்லை. வீட்டில் தமிழ், மாடிப்படியில் கன்னடம், பள்ளி வேனில் ஆங்கிலம், தூக்கத்தில் மூன்றும்.

குழந்தைகளின் நரம்பியல் மருத்துவர் நிருபமா மூளையின் படத்தைத் திரையில் காட்டினார். இடப்பக்கத்தில், சிறு மாங்கொட்டையின் அளவுக்கு ஒரு கறுப்பு. ரங்கா அதை நெடுநேரம் பார்த்தான்.

"இந்தக் கறுப்புலதான் எங்க கோமு பேசிண்டிருந்தாளா, டாக்டர்?"

"அங்கேயும் பேசினா. அங்க மட்டும் அவ இருக்கல, மிஸ்டர் ரங்கா." மருத்துவருக்குத் தாய்மொழி கன்னடம், தமிழைத் தட்டுத்தடுமாறாமல், ஆனால் தன் ராகத்தில் பேசுவார்.

ரங்கா மாநில மின்சாரத் துறையின் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளன். எங்கோ ஒரு பெரிய மின்தடம் அறுந்தால், எந்த ஊரும் இருளாமல் வேறு தடத்தில் மின்சாரத்தைத் திருப்பிவிடுவது அவன் தொழில். ஆகையால் அவனுக்கு உடனே ஒரு கேள்வி பிறந்தது.

"ஒரு லைன் ட்ரிப் ஆனா நாங்க இன்னொரு லைன்ல லோடு ஏத்திடுவோம். இதுவும் அப்படித்தானா? வலது பக்கத்துக்கு மாத்திடலாமா?"

நிருபமா சிரித்தார். "உங்க இன்னொரு லைன் முன்னாடியே ரெடியா நிக்குது. இங்க அப்படி இல்ல. கரென்ட் போகப் போகத்தான் கம்பியே வளரும்."

"போகறதுக்குக் கம்பி வேணுமே?"

"அதான் ஆச்சரியம். சின்ன வயசுல பேச்சு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். வளர வளர, நிறைய பேருக்கு, இடது பக்கம் எல்லாத்தையும் எடுத்துக்கும். வலது பக்கம் ராகம், கோபம், கிண்டல், இதையெல்லாம் வெச்சுண்டு ஓரமா உக்காந்துடும். ஆறு வயசுல அந்தக் கதவு இன்னும் முழுசா மூடியிருக்காது. கறுப்பைச் சுத்தி நல்லா இருக்கற இடமும் வேலைக்கு வரும். வலது பக்கமும் வரலாம். கூப்பிடணும்."

"எப்படிக் கூப்பிடறது?"

"வேலை குடுத்து."

"எவ்வளவு திரும்ப வரும்?"

"தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்."

அன்று திரும்பி வரும் வழியில் ரங்காவுக்கு மின்தடங்களின் நினைவு போய், வேறொன்று நெஞ்சில் வந்து நின்றது. திருக்கோயில்களில் பாசுரம் ஓதுவோர் இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்வார்கள். ஒரு வரிசை எடுத்துக் கொடுக்கும். எதிர்வரிசை வாங்கி முடிக்கும். எடுத்துக் கொடுக்கும் வரிசையில் எல்லோருடைய தொண்டையும் ஒரே நாளில் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கேட்டுக் கேட்டே பழகிய எதிர்வரிசைக்கு எடுத்துக் கொடுக்கவும் தெரியுமா? இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து அது கற்றது பாதியா, முழுவதுமா? விடை தெரியாத அந்தக் கேள்வி அச்சத்தைவிடப் பெரிதாக அவனுக்குள் வளர்ந்தது.

வீட்டிலும் அத்தகைய வழக்கம் ஒன்று இருந்தது. மைசூர் சமஸ்தானத்தின் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த அவனுடைய கொள்ளுத்தாத்தா, மேல்கோட்டை மலைமேல் நின்ற பெருமாளைப் பற்றி ஒரு சிறு துதி பாடிவைத்திருந்தார். நான்கே அடி. நான்கு தலைமுறையாக அந்த வீட்டின் காலைப் பூசை அதனோடுதான் முடியும். ஒற்றை அடிகளை ஒருவர் சொல்ல, இரட்டை அடிகளை மற்றவர் சொல்ல வேண்டும். கடைசி அடியை இருவரும் சேர்ந்து மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும். தொடங்கிய துதியைப் பாதியில் விடுவது அபசாரம். இவ்வளவுதான் விதி.

*மேகம் உறங்கும் மலைமுடி வாழ்வாய்,*
*தாகம் தணிக்கும் தண்புனல் ஆவாய்;*
*சோர்ந்தவர் கையில் துணையென வருவாய்,*
*சேர்ந்தவர்க் கென்றும் செல்வம் தருவாய்.*

மூன்று வயது முதல் இரட்டை அடிகள் கோமளத்தினுடையவை. ரங்கா பழந்தமிழ்ச் செய்யுளில் ஊறியவன். ஓரெழுத்துப் பிசகினாலும் பொறுக்கமாட்டான். ஒருமுறை "தண்புனல்" என்பதில் ணகரம் சரியாக வரவில்லையென்று ஒன்பது தடவை சொல்லவைத்தான். பத்தாவது தடவை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ அப்பா இல்ல, ரப்பர். நான் எழுதறதையெல்லாம் அழிக்கறே" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு ரப்பர் அப்பா என்றே பெயர். இப்போது அந்தப் பெயரைச் சொல்லவும் ஆளில்லை.

பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனார்கள். பயிற்சியாளர் கேரல், அந்த வட்டாரத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயது, பூப்போட்ட புடவை, குழந்தைகளிடம் மட்டும் மெதுவாகவும் பெரியவர்களிடம் வெடுக்கென்றும் பேசுபவர். ஓடு வேய்ந்த தம் பழைய வீட்டின் முன்னறையில் பயிற்சி கொடுத்தார். மூன்று மாதமாகக் கோமளத்துக்குப் பட அட்டைகள் காட்டினார், ஊதச் சொன்னார், முணுமுணுக்கச் சொன்னார். சொன்னதையெல்லாம் அவள் புரிந்துகொண்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தாள். படத்தைச் சுட்டச் சொன்னால் சுட்டினாள். பெயர் கேட்டால் வாய் திறக்கும், மூச்சு வரும், கண் நிறையும்.

ஒருநாள் கேரல் அட்டைகளை ஒதுக்கிவிட்டு ரங்காவின் பக்கம் திரும்பினார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. வீட்ல பாப்பாகூட யார் அதிகம் பேசறது?"

ரங்கா பதில் சொல்லுமுன் அவன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி விரலை நீட்டினாள். அவள் ஒரு பி.யு. காலேஜில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துபவள். சோதனைக்கு முன்னரே முடிவைச் சொல்லிவிடுவாள். "இவர்தான் மேடம். முன்னாடி அவ பேசுவா, இவர் திருத்துவார். இப்ப ரெண்டு பேருக்கும் சேத்து இவரே பேசறார்."

"வீடியோ ஏதாச்சும் இருக்கா?"

காலைத் துதியை ஸ்ரீலக்ஷ்மி அந்த வாரம் தற்செயலாகக் கைப்பேசியில் எடுத்திருந்தாள். கேரல் அதை மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை கைக்கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தார்.

"முதல் வரி நீங்க சொல்றீங்க. ரெண்டாவது வரி யாரோடது?"

"அவளோடது."

"இதுல யார் சொன்னது?"

ரங்கா மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்க சார், பரவால்ல."

"நான்தான். அவளால முடியலையேன்னு..."

"ரெண்டு செகண்ட்கூட விடல நீங்க. இங்க பாருங்க." கேரல் படத்தை ஓரிடத்தில் நிறுத்தினார். கோமளத்தின் வாய் சற்றே திறந்து, நாவின் நுனி மேற்பல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. "உங்க ரெண்டாவது வரி என்ன எழுத்துல ஆரம்பிக்குது?"

"தா."

"நாக்கு எங்க நிக்குது பாருங்க. சொல்ல வந்துட்டா. அந்த நேரம் பாத்து நீங்க உள்ள பூந்துட்டீங்க."

ரங்கா அந்தப் படத்தைப் பார்த்தான். கறுப்புப் படத்தைப் பார்த்தபோதுகூட அவனுக்கு அப்படி வியர்க்கவில்லை. தொண்ணூறு காலைகள். தொண்ணூறு முறை அந்த நாக்கு பல்லைத் தொட்டிருக்குமோ?

"துதியைப் பாதில விட்டா அபசாரம் மேடம்," என்றான் தாழ்ந்த குரலில். "அதனாலதான் முடிச்சேன். அவ பேருக்கும் சேத்துச் சொல்றதா நெனச்சுண்டேன்."

"எங்க சர்ச்லயும் பைபிள் சங்கீதம் ரெண்டு பக்கமாத்தான் வாசிப்போம். எதிர்ப் பக்கம் லேட் ஆச்சுன்னா அவங்க வரியை நாங்க பிடுங்கிக்கறதில்ல. நிப்போம். பாஸ்டர் முறைப்பார், அவ்வளவுதான். ஏன், உங்க சாமிக்குப் பொறுமை கம்மியா?"

ஸ்ரீலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "சாமிக்கு இல்ல மேடம், இவருக்கு."

"எத்தனை செகண்ட் நிக்கணும்?" என்றான் ரங்கா.

"அவ முடிக்கற வரைக்கும்."

"முடிக்கலேன்னா?"

"அன்னைக்கு அவ்வளவுதான். எழுந்து ஆபீசுக்குப் போங்க."

மறுநாள் காலை பூசையறையில் விளக்கேற்றி, துளசி சாத்தி, ரங்கா முதல் அடியைச் சொன்னான். சொல்லி நிறுத்தினான். அடுக்களையில் குக்கர் ஒருமுறை கூவிற்று. தெருவில் கொத்தமல்லி விற்பவன் கன்னடத்தில் கத்திக்கொண்டு போனான். எதிரே, மடித்த கால்களின்மேல் கை வைத்துக் கோமளம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அடி அங்கிருந்துதான் வரும் என்பது அவள் அறிந்த வழக்கம். வராதது கண்டு அவள் புருவம் உயர்ந்தது. அவனுடைய நாவில் இரண்டாம் அடி ஊறிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். விளக்கின் திரி ஒருமுறை பொரிந்தது. அவள் வாய் திறந்தது, மூடிற்று, திறந்தது. ஒன்றும் வரவில்லை.

நான்கு தலைமுறையில் முதன்முறையாக அந்தத் துதி பாதியில் நின்றது. "பொறுத்தருள வேண்டும்" என்று கீழே விழுந்து சேவித்துவிட்டு அவன் எழுந்தான். கட்டுப்பாட்டு அறையில் அன்று முழுவதும் அவன் காதில், இறங்காமல் தொங்கும் ஓரடியின் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவனுக்குள் ஏதோ மாறிற்று. வருந்துவதற்காகக் காத்திருந்தவன், பார்ப்பதற்காகக் காத்திருக்கத் தொடங்கினான். மௌனம் என்று அவன் எண்ணியிருந்தது வெறுமையாக இல்லை. அவளுடைய இடக்கை விரல்கள் தொடையின்மேல் தட்டின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்தம். மறுபடி நான்கு. அடிக்கு நான்கு சீர் என்பது அவள் எங்கும் படித்ததில்லை. விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. ஏழாம் நாள் தொண்டையில் ஒரு முனகல் எழுந்தது. ஏறி, வளைந்து, இறங்கிற்று. அது இரண்டாம் அடியின் ராகம். முதல் அடியினுடையது அல்ல. சொற்களெல்லாம் உதிர்ந்துபோன அடி ஒன்று, தன் வடிவத்தோடு மட்டும் அவளுக்குள் முழுதாக இருந்தது! மனிதனைப் படைத்தவன் இப்படியும் ஒரு சேமிப்பை உள்ளே ஒளித்துவைத்திருக்கிறானே என்று ரங்கா வியந்தான்.

"ஏன்னா, ஆபீஸ் மறந்துடுத்தா? எட்டரை ஆய்த்து," என்று ஸ்ரீலக்ஷ்மி வாசலில் வந்து நிற்பாள்.

"ஸ்வல்ப இரு. அவ இப்ப மூணாவது சீர்ல இருக்கா."

"நீங்களும் அவளும் தபசு பண்ணுங்கோ. வரம் வந்தா எனக்கும் சொல்லுங்கோ." சொல்லிவிட்டு அவளும் போகாமல் அங்கேயே நிற்பாள்.

பதினெட்டாம் நாள் அது வந்தது. முனகல் மேலெழுந்து, ராகத்தின்மேல் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன: "தாகம் தணிக்கும் தண்புனல் ஆவாய்." ணகரம் உட்பட ஒரு பிழையில்லை. அவன் மூன்றாம் அடியைச் சொல்ல, நான்காம் அடியையும் சொன்னாள். இருவரும் சேர்ந்து அதை மறுபடி சொன்னார்கள். ஸ்ரீலக்ஷ்மி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரங்கா கேரலுக்குக் கூப்பிட்டு, வாக்கியத்தை முடிக்க முடியாமல் கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

அந்த வாரமே ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த மகிழ்ச்சி குறைந்துபோயிற்று. கோமளம் துதியைக் கேரலுக்கு முழுதும் சொல்லிக்காட்டினாள். கேரல் கைதட்டினார். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை மேசைமேல் வைத்து, "இது என்ன கண்ணு?" என்றார். வாய் திறந்தது. மூச்சு வந்தது. சொல் இல்லை. எந்தச் சொல்லும் போதும், எந்த மொழியிலும் போதும் என்றார். கோமளம் குவளையைப் பார்த்தாள், கேரலைப் பார்த்தாள். பட அட்டைகளை இடக்கையால் எடுத்துச் சுவரில் எறிந்தாள்.

டாக்டர் நிருபமா அதைக் கேட்டு வியப்படையவில்லை. "பாட்டு ஒரே கட்டியா வெளிய வரும், மிஸ்டர் ரங்கா. ஒரு நுனியை இழுத்தா மிச்சமெல்லாம் கூடவே வந்துடும். பேசறதுன்னா அந்தக் கட்டியை உடைச்சு, வேணும்கற சொல்லை வேணும்கற இடத்துல வெக்கணும். அது வேற வேலை."

"அப்ப அவ பேசல."

"பாடினா. அது நல்ல கதவுதான். உள்ள போயிருக்காளான்னு இன்னும் தெரியாது."

"எப்படித் தெரியும்?"

"தப்பு வந்தா எழுதி வைங்க. அவ சரியா சொல்றதைவிட, தப்பா சொல்றதுதான் எனக்கு நிறைய சொல்லும்."

சரியைத் தவிர வேறொன்றையும் குறித்துவைத்தறியாதவன் ரங்கா. அன்றிரவு மகள் தூங்கும் முகத்தைப் பார்த்தபடி அவன் எண்ணியது ஒன்றே. அவள் சொன்ன சீரெல்லாம் கொள்ளுத்தாத்தாவினுடையவை, ராகம் வீட்டினுடையது, திருத்தம் தன்னுடையது. அவளுடையது எது? அவளுக்கென்று ஒரு சொல், ஒன்றே ஒன்று, எங்கேயாவது முளைத்திருக்கிறதா? அதை அறியாமல் அவனுக்கு நிம்மதி இல்லை. ஆனால் அறிவதற்கு அவன் செய்யக்கூடியது காத்திருப்பது தவிர வேறில்லை.

ஆடி பிறந்தது. பிறந்த நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, வானம் ஒருவழியாக மனம் இளகிற்று. இடியில்லை, முழக்கமில்லை, நெடுநேரம் யோசித்த ஒருவர் மெல்லப் பேசத் தொடங்குவதுபோல் மழை பெய்யலாயிற்று. பூசையறை ஜன்னலில் நீர் வழிந்தது. அடுக்களையில் ஸ்ரீலக்ஷ்மி தோசைக்கல்லைக் காயவைத்து, முதல் கரண்டி மாவை ஊற்றினாள். சுறுசுறுவென்ற ஓசையும் நெய்வாசமும் கூடம் தாண்டிப் பூசையறைக்குள் வந்தன.

ரங்கா முதல் அடியைச் சொன்னான். கோமளம் இரண்டாம் அடியைச் சொன்னாள். அவன் மூன்றாம் அடியைச் சொல்லி நிறுத்தினான்.

"சேர்ந்தவர்க் கென்றும்..." என்று தொடங்கியவள் அங்கேயே நின்றாள்.

இந்த இடத்தில் அவள் இதுவரை நின்றதில்லை. கட்டியாக வருவது இடையில் ஏன் அறுந்தது? விட்டுப்போகிறதா? வந்ததும் போகிறதா? "செல்வம்" என்று எடுத்துக் கொடுக்க நா எழுந்தது, பல்லைக் கடித்தான். அவளுடைய இடக்கை விரல் தொடையில் தட்டிற்று: மூன்றாம் சீர், சொல் இல்லை, மறுபடி மூன்றாம் சீர், சொல் இல்லை. அவள் பார்வை அவன் வாயில் இல்லை, விளக்கில் இல்லை. தலையைத் திருப்பி அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு ஒருமுறை விரிந்தது. மழை பெய்தது. எத்தனை வினாடி என்று அவன் எண்ணவில்லை.

"...தோசை தருவாய்," என்றாள்.

ரங்காவின் வாய் திறந்தது. ஓரெழுத்துப் பிசகைப் பொறுக்காத வாய். இறைவன் திருமுன் கொள்ளுத்தாத்தாவின் சொல்லை எடுத்தெறிந்துவிட்டு, அங்கே பலகாரத்தை வைப்பதா! மோனை போயிற்று. "சேர்ந்தவர்" என்பதற்கு எதிரே "செல்வம்" நின்று ஒலித்த அழகு போயிற்று. ஆனால் ஓசை? அவன் மனம் பழக்கத்தால் அலகிட்டது. செல்வம், தேமா. தோசை, தேமா. சீர் உடையவில்லை. பொருளும் உடையவில்லை. தருவதற்குரிய ஒன்றை எடுத்துவிட்டுத் தருவதற்குரிய வேறொன்றை, அந்தக் காலையில் அவள் வேண்டிய ஒன்றை, அதே இடத்தில் வைத்திருக்கிறாள். மனப்பாடம் மறந்து நிற்கும், உளறும், அதற்கு ஒருபோதும் பசிக்காது. கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரியாத சொல், வீட்டின் ராகத்தில் இல்லாத சொல், அவன் திருத்திக் கொடுக்காத சொல். கறுப்பு விழுந்த இடத்தைச் சுற்றியோ, அதற்கு எதிரேயோ, இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று தானே எடுத்துக் கொடுத்துவிட்டது.

கோமளம் இப்போது அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் சிறு எதிர்பார்ப்பும் சிறு சவாலும் இருந்தன. ரப்பர் என்ன செய்யப்போகிறது என்று பார்த்தாள்.

கடைசி அடியை இருவரும் சேர்ந்து மறுபடி சொல்ல வேண்டும் என்பது விதி. எந்த அடியை? ரங்கா கைகூப்பினான், பெருமாளை நோக்கி, ராகம் வழுவாமல், ஒவ்வோர் எழுத்தும் துலங்கச் சொன்னான்:

"சேர்ந்தவர்க் கென்றும் தோசை தருவாய்."

இரண்டாம் சீரிலிருந்து கோமளமும் சேர்ந்துகொண்டாள். முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். நான்கு மாதத்துக்கு முந்தைய சிரிப்பு அது.

தோசைத் திருப்பியும் கையுமாக ஸ்ரீலக்ஷ்மி வாசலில் நின்றாள். "என்ன சொன்னேள்? யாரு தோசை கேட்டா?"

ரங்கா பதில் சொல்லவில்லை. ஸ்ரீலக்ஷ்மியும் மறுமுறை கேட்கவில்லை. அடுக்களையில் தோசை தீயும் வாசம் எழுந்தது, யாரும் நகரவில்லை. குழந்தையின் நா மேலே போயிற்று, கீழே வந்தது, பல்லைத் தொட்டது.

"நான்," என்றாள் கோமளம்.

ஸ்ரீலக்ஷ்மி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எத்தனை வேணும்?" என்றாள். அதற்குச் சொல் வரவில்லை. நெடுநேரம் காத்திருந்தும் வரவில்லை. கோமளம் மூன்று விரலைக் காட்டினாள். அது போதுமாயிருந்தது.

"தப்பு வந்தா எழுதி வெக்கச் சொன்னாரே டாக்டர்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி கண்ணைத் துடைத்தபடி.

"எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒரு தோசை கொண்டு வா. நன்னா வந்ததா பாத்து."

"பெருமாளுக்கா? தோசையா? உங்காத்துல காலம்பற பால்தானே வழக்கம்?"

"துதியில வந்துடுத்தே. வந்ததைக் கண்டருளப் பண்ணாம இருக்கலாமா?"

கருகியதை ஒதுக்கிவிட்டு அவள் புதிதாக ஒன்று வார்த்து, வெள்ளித்தட்டில் கொண்டுவந்தாள். ரங்கா அதன்மேல் ஒரு துளசியிதழை வைத்தான். தீர்த்தத்தால் சுற்றி, கண்ணை மூடினான். ஒன்றும் வேண்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மழையின் ஓசை மட்டும் இருந்தது. தன் வாழ்நாளில் அவன் செய்த நெடிய பூசை அதுதான்.

பிறகு தீர்த்தம் கொடுத்தான். தீர்த்தத்தை வலக்கையில்தான் வாங்க வேண்டும். கோமளம் தன் இடக்கையால் வலக்கையை மெல்லத் தூக்கி முன்னே நீட்டி, அதன் கீழே இடக்கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டாள். ஒரு துளி வழிந்து கீழே விழுந்தது. மிச்சத்தைக் குடித்து, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

அந்த ஈரத்தலைமேல் ரங்கா கை வைத்தான்.

"நன்னா இரு, கோமு. உன் வார்த்தையெல்லாம் உனக்கே கெடைக்கட்டும். தப்பும் தவறுமா, நூறு வருஷம் பேசிண்டே இரு."